ஜன்னலோரம் எனக்கு அலாட்

அலாட் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாறி மாறி வரும் ஷிப்டுக்கெல்லாம் பஸ்ஸில் போய் வந்து அலுத்துப்போயிருந்தார். வீட்டில் அவர் விழித்திருந்து நான் பார்த்தது குறைவு. மில் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போட்டு ஆறு வருஷம் கழித்து ஒரு தாளோடு வந்தார். "நமக்கு வீடு அலாட் ஆயிருச்சு" என்றார்.

அம்மா அந்தச் சொல்லை விடவில்லை. குழாய்த் தண்ணீரில் இரண்டு குடம் குளிக்க அலாட், குழம்பில் மீன்தலை அப்பாவுக்கு அலாட். நானும் என் பங்குக்கு, பார்க்காத வீட்டில் ஜன்னலோரத்தை எனக்கு அலாட் செய்துகொண்டேன்.

சாவி ஆடி மாதம்தான் கைக்கு வரும். ஆடியில் பால் காய்ச்ச அம்மா சம்மதிப்பாளா? "நம்ம பேருக்குத்தான் எழுதியாச்சுல்ல? ஆனி முடியமுன்ன பாலை மட்டும் காய்ச்சிட்டு வந்துருவோம்" என்றாள். காலி வீடுதானே, வாட்ச்மேன் திறந்துவிடுவார் என்று அப்பாவும் தலையாட்டினார். பால்சட்டியோடு பஸ் ஏறினோம்.

வீடு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு பெண்மணி உலை வைத்திருந்தார். பக்கத்தில் என் வயதில் ஒரு சிறுமி. அவர் கணவரும் மில்காரர்தான், இறந்து நாலு மாதமாம். அப்பா நீட்டிய தாளை மடக்கிக்கொண்டார்.

"வந்தது வந்துட்டீங்க, நல்ல நாளை விட வேண்டாம்க்கா" என்று அந்தப் பெண்மணி உலையை இறக்கி அடுப்பைக் கொடுத்தார். "நாங்க எங்க போறதுன்னுதான் பார்த்துக்கிட்டிருக்கோம்."

பால் பொங்கி வழிந்தால்தான் குடிவந்ததாகக் கணக்கு. அம்மா பொங்கும் முன்பே சட்டியை இறக்கிவிட்டாள். பாலை ஆற்றி அந்தச் சிறுமிக்குக் கொடுத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா, "வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க" என்றாள்.

"இன்னொண்ணு வர எம்புட்டு வருஷமாகுமோ" என்ற அப்பா அப்படியே தூங்கிப்போனார்.

இன்னொன்று வரவேயில்லை. ஓய்வு பெறும்வரை அப்பா பஸ்ஸில்தான் போனார். அந்த வீடு மறுமாதமே வேறு யாருக்கோ அலாட் ஆகிவிட்டது. அந்தப் பெண்மணியும் சிறுமியும் எங்கே போனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. யாருக்கும் பிரயோஜனமில்லாமல் போன நல்ல காரியம் அது.

அன்று பால் அடுப்பிலிருந்தபோது நான் ஜன்னலோரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிறுமி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், அங்கே ஆணியில் தொங்கிய தன் பள்ளிக்கூடப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு இடம் விடுகிறாள் என்று நினைத்து, நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.