நாகேஸ்வரியின் பயற்றங்கஞ்சி

அக்கராயனில் அரசாங்கம் காணி கொடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நாகேஸ்வரி. வந்த இரண்டாம் வருடமே மூத்த மகன் யோகநாதனைப் பறிகொடுத்தாள். அவனுக்கு வந்த சின்னமுத்து என்ற அம்மை மாறித் தலைக்குத் தண்ணீரும் வார்த்தாயிற்று. பிறகுதான் பிள்ளை வீங்கிச் செத்தான். பத்தியம் முடியுமுன் அவள் புருஷன் தவராசா ஒரு கோர்வை மீனோடு வந்தது அம்மாளுக்குப் பொறுக்கவில்லை என்று ஊர் சொன்னது. அவளும் நம்பினாள். மூன்று வருடம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐம்பத்தெட்டாம் ஆண்டில் மகள் அருந்ததிக்கும் சின்னமுத்து வந்தது. இந்த முறை நாகேஸ்வரி விடுவாளா? மூன்று மாதம் வீட்டில் மீன், முட்டை புழங்காது என்று அம்மாளுக்கு நேர்த்தி வைத்தாள். பருப்பும் பயறும் வாய்வு என்று தள்ளிவிட்டாள். பால்மாட்டுக்கு வழியில்லை. வேளாவேளைக்கு அரிசிக்கஞ்சி மட்டும் கொடுத்தாள்.

பிள்ளையின் கன்னம் ஊதியது. கொழுத்துவிட்டாள் என்று அயலார் மெச்சியபோது தாய்க்கு உச்சி குளிர்ந்தது. பிறகு தலைமயிர் செம்பட்டையாகி உதிரத் தொடங்கியது. பயந்துபோய் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி கனகலிங்கம் பிள்ளையின் காலைப் பெருவிரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவில்லை.

"தங்கச்சி, இது கொழுப்பில்லை, தண்ணி. உடம்பில புரதம் இல்லை."

"அதென்ன ஐயா?"

"அமினோ அமிலம் எண்ட சின்னத் துண்டுகளை வரிசையாக் கோத்த சங்கிலிதான் புரதம். வரிசை மாறினா வேலையும் மாறும். ஒண்டு தசையாகும், ஒண்டு மயிராகும், இன்னொண்டு இரத்தத்துக்க நிண்டு தண்ணியை வெளிய கசிய விடாது. சில துண்டுகளை உடம்பு செய்யாது, சாப்பாட்டாலதான் வரவேணும். அதில ஒண்டு குறைஞ்சாலும் கோர்வை அந்த இடத்தோட நிண்டிடும். மீன், முட்டையில எல்லாம் இருக்கு."

"நேர்த்தி வைச்சிட்டன் ஐயா. முறிச்சா இவளும் போயிடுவாள்." அவள் அழுதாள்.

அவர் கோபிக்கவில்லை. "அப்ப பயறு போடுங்கோ. அரிசியில குறையிற துண்டு பயறில நிறைய. பயறில குறையிறது அரிசியில இருக்கு. ரெண்டும் சேர்ந்தா சங்கிலி முழுசாகும்."

நாகேஸ்வரி பிள்ளையின் காலில் விழுந்த குழியைப் பார்த்தாள். யோகநாதனின் வீங்கிய கால்கள் கண்ணுக்குள் வந்தன.

"அப்ப அவர் கொண்டுவந்த மீன்..." என்று இழுத்தாள். அந்த மீனை வேலிக்கு வெளியே வீசியவள் அவள்தான்.

நேர்த்தியும் முறியவில்லை, அருந்ததியும் பிழைத்தாள். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே தவராசாவின் முன்னால் போய் நின்று, "என்னை மன்னிச்சிடுங்கோ" என்றாள். அவன் பயறு வாங்க மல்லாவிக்குச் சைக்கிள் எடுத்தான்.

அதன்பின் எந்த வீட்டு வாசலில் வேப்பிலை கண்டாலும், அம்மாள் இறங்கித் தண்ணீர் வார்த்ததும் பயற்றங்கஞ்சிப் பானையோடு நாகேஸ்வரி போய் நிற்பாள். வாய்வு என்று மறுக்கும் தாய்மாரோடு வாதாடமாட்டாள். பிள்ளை கொழுத்துத்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் பானையை இறக்கி வைப்பாள்.

"என்ர மூத்தவனும் இப்பிடித்தான் கொழுத்தவன்."