அட்டைப்பெட்டியில் ஒரு பெயர், திரையில் ஒரு பெயர்

போன மாதம் பெங்களூருக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தேன். தோழிகளோடு வீடெடுத்துத் தங்கிப் படிக்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோது மேசைக்கடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். புதிதாக, திரையில் படம் வரவைக்கிற கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியிருக்கிறாளாம். தகடு விலகியதும் சூடான தூசியின் வாசனை வந்தது. வெயிலில் காய்ந்த கோணிப்பையும் கருகிய ரப்பரும் கலந்தது போல ஒரு வாசனை. அதை முகர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

கார்டைச் செருகினாள், சுவிட்சைப் போட்டாள், படம் வந்துவிட்டது. அவள் வைத்திருப்பதும் லினக்ஸ்தான்.

"டிரைவர் போடலையா?" என்றேன்.

"அதுவே போட்டுக்கும்மா."

"உள்ள இருக்கறது நீ வாங்கின கார்டுதானான்னு பாத்தியா?"

அவள் மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டி, "நீ ஏம்மா எல்லாத்தையும் சந்தேகப்படற?" என்றாள். அதற்கு என்னிடம் சின்ன பதில் இல்லை. பெரிய பதிலை அவளிடம் சொல்ல முடியாது, அவள் அப்பா சம்பந்தப்பட்டது. உங்களிடம் சொல்லலாம்.

எனக்குக் கல்யாணமான புதிது. திருப்பதியை ஒட்டிய புத்தூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாமனார் வீடு. நான் வரதய்யபாளையத்துப் பெண். திருப்பதியில் எம்.சி.ஏ. முடித்தவள் என்று கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். லினக்ஸை ஒரு பாடமாகவே படித்திருந்தேன். எந்தக் கட்டளை எதற்கு என்று பரீட்சையில் எழுதச் சொன்னால் எழுதுவேன். ஒரு நிஜமான கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தால், மவுஸை எந்தக் கையால் பிடிப்பது என்று யோசிக்கிற ரகம்.

இவர், அதாவது என் வீட்டுக்காரர், கல்யாணமான சில மாதங்களிலேயே சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அதற்கு முன்னால் திருப்பதியில் அனிமேஷன் படித்திருந்தார். அனிமேஷன் படித்தவனுக்கு அமெரிக்காக்காரனே வாசலுக்கு வந்து வேலை கொடுப்பான் என்று விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த காலம். அதை நம்பி மாமா தன் பி.எஃப். பணத்திலிருந்து ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதன் கிராஃபிக்ஸ் கார்டு வந்த அட்டைப்பெட்டியை, மேலே நெருப்புக் கக்கும் டிராகன் படம் போட்டது, ஹாலில் ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே வைத்திருந்தார். வருகிறவர்களிடம் காட்டுவார். அமெரிக்காக்காரன் வரவில்லை. ஏஜெண்ட் ஒருவர் வந்தார், இவர் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினார்.

இவருக்கு ஒரு கொள்கை உண்டு. திருட்டு மென்பொருள் வீட்டுக்குள் நுழையக்கூடாது. அதனால்தான் காசில்லாமலே கிடைக்கிற லினக்ஸ். அவ்வளவு நேர்மை.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து நிற்கிற வேகன்களின் சீல் உடைந்திருக்கிறதா, யாராவது உடைத்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதே அவர் உத்தியோகம். வீட்டிலும் அதே பார்வைதான். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பார். என்னையும் அப்படித்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றும். கெட்டவர் இல்லை. கண் அப்படிப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹாலில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் மாமா, அத்தை, நான் மூன்று பேரும் உட்காருவோம். வெப் கேமராவில் இவர் வருவார். பின்னால் எப்போதும் ஒரே வெள்ளைச் சுவர். அத்தைக்கு அந்தச் சுவர் மேலேயே சந்தேகம். "செவுத்துக்கு அந்தாண்ட யாருடா கீறாங்க?" என்று கேட்பார். அவர்கள் இரண்டு பேரும் அருகில் இருப்பதால் இவர் என்னோடு பேசுவது "சாப்ட்டியா" என்கிற அளவில்தான். ஆனாலும் அந்த முகத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், புதிய பதிப்புகள் வந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. எம்.சி.ஏ. அல்லவா, சரி என்று அழுத்தினேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டபோது ஜன்னல்களும் இல்லை, படங்களும் இல்லை. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, படம் வருவதற்கான கட்டளையை அடித்தேன். 'திரை எதுவும் காணப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது.

மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கண்ணெதிர்லியே ஸ்கிரீன் கீது. இல்லன்னுது. இன்னாமா இது?"

"டிரைவர் கெட்டுப் போச்சு மாமா. அந்தக் கார்டோட பேசறதுக்கு ஒரு மென்பொருள் வேணும், அதுக்குத்தான் டிரைவர்னு பேரு."

"அவன் இருந்தவரிக்கும் நல்லாத்தானே ஓடிக்கினு இருந்திச்சி."

 நீ வந்த பிறகுதான் கெட்டது என்று எனக்குக் கேட்டது.

வீட்டு இண்டர்நெட்டை அந்தக் கறுப்புத் திரையில் திறக்க எனக்குத் தெரியாது. ஷோகேஸிலிருந்து டிராகன் பெட்டியை எடுத்து, அதில் போட்டிருந்த பெயரை மனதில் வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த இண்டர்நெட் சென்டருக்குப் போனேன். புத்தூரின் எலும்பு முறிவுக் கட்டுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் கையில் மூங்கில் பத்தையும் துணியுமாக அங்கேயும் உட்கார்ந்திருப்பார்கள், ஊருக்கு மெயில் அனுப்ப. கம்பெனியின் தளத்திலிருந்து அந்தக் கார்டுக்கான டிரைவரை சி.டி.யில் ஏற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "மேடம், இதி ஹேக்கிங் காதுகதா?" என்றார். ஹேக்கிங் இல்லையே என்று ஒரு கேள்வி. பெண்பிள்ளை வந்து ராசி பலனும் ரிசல்டும் பார்க்காமல் கறுப்பு எழுத்துகளைப் பார்த்தால் அவர்தான் என்ன செய்வார்.

வீட்டில் சி.டி.யைப் போட்டு நிறுவினேன். இந்தக் கம்ப்யூட்டரில் இந்த டிரைவருக்கு ஏற்ற கார்டு இல்லை என்றது. மறுபடி செய்தேன், மறுபடி அதே பதில். மறுநாள் சென்டருக்குப் போய், லினக்ஸ்காரர்கள் மெயிலில் உதவி கேட்கிற ஒரு மடற்குழுவில் விவரத்தை எழுதிப் போட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் பதில் எழுதியிருந்தார். 'பெட்டியை நம்பாதீர்கள். உள்ளே என்ன செருகியிருக்கிறது என்று கம்ப்யூட்டரையே கேளுங்கள்' என்று சொல்லி, அதற்கான கட்டளையையும் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அடித்தேன். உள்ளே இருக்கிற பாகங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. கிராஃபிக்ஸ் கார்டு என்ற இடத்தில் வேறு பெயர். டிராகன் பெட்டியில் இருந்ததைவிட மிகப் பழைய, மிக மலிவான கார்டின் பெயர்.

மாமா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னார். அந்த வாசனை அப்போதுதான் முதலில் என் மூக்கில் ஏறியது. உள்ளே காற்றாடிகூட இல்லாத ஒரு சின்னக் கார்டு இருந்தது. பெட்டியின் படத்தில் இருந்ததற்குக் காற்றாடி இருந்தது.

"மாத்தி வச்சிக்கிறாங்க" என்றார் மாமா.

அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றார்.  பிறகு மாமா மெதுவாக, "பொங்கலுக்கு உங்க அண்ணன் இந்த ரூம்லதானே பட்த்துக்கினான்?" என்று கேட்டார்.

என் அண்ணன் வரதய்யபாளையத்தில் எலெக்ட்ரீஷியன். பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு வந்து ஒரு ராத்திரி தங்கிப் போனான்.

"ஆமா மாமா. அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணியும் இல்ல. ஜோபில டெஸ்டர் வச்சிக்கினு இருந்தான். அதான் சொன்னேன்."

அவன் தூங்கும்போதுகூட சட்டைப் பையில், ஸ்குரூ கழற்றவும் உதவுகிற அந்த டெஸ்டர் இருக்கும். மற்றவர்களுக்குப் பேனா மாதிரி அவனுக்கு அது.  என் அண்ணனுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே தெரியாது என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை தட்டைப் பார்த்துவிட்டு, "துன்னாம இருந்தா குத்தம் பண்ணவ மாதிரி இருக்கும், துன்னு" என்றார். ஆறுதலா குற்றச்சாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மடற்குழுக்காரருக்கு உண்மைக் கார்டின் பெயரை எழுதினேன். பழைய கார்டுகளுக்கென்று பழைய டிரைவர் தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள், புதியது இவற்றைக் கைவிட்டுவிட்டது என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். 'இத்தனை நாள் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடியதும் அந்தப் பழைய டிரைவராகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படமே வந்திருக்காது.'

சென்டரில் உட்கார்ந்து அந்த வரியை மறுபடி படித்தேன். இத்தனை நாள் ஓடியது என்றால், அதைப் போட்டது யார்? நான் இல்லை. பொங்கலுக்கு ஒரு ராத்திரி படுத்த அண்ணன் இல்லை. இந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி, எல்லாம் சரிசெய்து, சிங்கப்பூருக்குப் போனவர் ஒருவர்தான். உள்ளே இருப்பது பழைய கார்டு என்று தெரிந்து, அதற்கேற்ற டிரைவரைத் தேடிப் போட்டிருக்கிறார். பெட்டியை ஷோகேஸிலேயே விட்டிருக்கிறார்.

அண்ணனைக் காப்பாற்ற வேண்டுமானால் புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்தால் என் அண்ணன் அந்த வீட்டில் என்றைக்கும் திருடன். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் என்னென்னவோ வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். ஒன்றும் மரியாதையாக வரவில்லை.

மாமா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, பழைய டிரைவரை நிறுவினேன். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. கார்டு கம்பெனியின் டிரைவரைப் போட்டால் லினக்ஸ் ஒரு எச்சரிக்கை எழுதும். மூலநிரலை வெளியே காட்டாத மென்பொருள் உள்ளே வந்துவிட்டது, இனி நான் பொறுப்பில்லை என்று அர்த்தம். அதில் 'டெயின்ட்' என்று ஒரு வார்த்தை வரும். மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

"டெயின்ட்னா கறதானே?"

"ஆமா மாமா."

"யாருக்குக் கற?"

அப்போது சொல்லிவிட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "மாமா, முன்னாடி இதுல இருந்ததும் இதே பழைய டிரைவர்தான். அதைப் போட்டது உங்க பையன். அவர் இருக்கும்போதே இந்தக் கார்டுதான் உள்ள இருந்திருக்கு."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "மெஷின் சொல்லுதா, நீ சொல்றியா?" என்றார்.

"ரெண்டு பேரும் சொல்றோம்."

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருப்பதி பஸ் ஏறிவிட்டார். எங்கே என்று அத்தையிடமும் சொல்லவில்லை. மத்தியானம் திரும்பி வந்து, கால் கழுவி, நேராகத் தொலைபேசிக்குப் போனார். என் அண்ணனின் பக்கத்து வீட்டு எண்ணைச் சுழற்றி அவனைக் கூப்பிடச் சொன்னார்.

"இன்னாப்பா, நல்லா கீறியா? கெங்கம்மா ஜாத்திரைக்கு வந்துரு. ரெண்டு நாள் இருக்கற மாதிரி வா."

அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவில்லை.  பல மாதம் கழித்து, முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது அத்தைதான் சொன்னார். கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்கே மாமா போயிருக்கிறார். கடைக்காரர் நன்றாக ஞாபகம் வைத்திருந்தாராம். கல்யாணத்துக்கு முன்பே இவர் அந்த டிராகன் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மலிவான ஒன்றை மாற்றி வாங்கியிருக்கிறார். ஏஜெண்டுக்குக் கொடுக்கப் பணம் குறைந்திருக்கிறது. வெளிநாட்டுப் பேச்சை எடுத்தால் இனி என்னிடம் வராதே என்று மாமா சொல்லியிருந்த நேரம் அது.

மாமா திருப்பதி போய்வந்த அந்த வார ஞாயிறு. படம் வந்தது. வெள்ளைச் சுவர், இவர் முகம். மாமா வழக்கத்தைவிடக் கிட்டத்தில் போய் உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சிடா. உன் பொண்டாட்டிதான் சரி பண்ணா. கார்டு நல்ல கார்டுதானே அது?"



"சூப்பர் கார்டு நைனா. இன்னும் பத்து வருசம் வரும். நீ வாங்கிக் குடுத்ததாச்சே" என்றார் இவர்.

சிரித்துக்கொண்டே சொன்னார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அப்போதெல்லாம் படம் வெட்டி வெட்டித்தான் வரும், இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. மாமா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. துன்னியா?" என்று கேட்டார்.

மகன் அகப்பட்டுக்கொள்ளக்கூடாது என்று அப்பா பேச்சை மாற்றிய அந்த நொடியில் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை பெரியது. புருஷன் மேல் வந்தது வேறு. இவ்வளவு சரளமாகச் சொல்ல முடிகிறவர், 'சாப்ட்டியா' என்று என்னைக் கேட்பதையும் இதே சிரிப்போடுதானே கேட்கிறார் என்று தோன்றியது. அந்த எண்ணத்தைப் பிறகு எத்தனை முறை கழுவியும் முழுக்கப் போகவில்லை. இவர் நல்ல மனிதர். சில வருடத்தில் திரும்பி வந்தார், உழைத்தார், எங்களை நன்றாக வைத்திருக்கிறார். அந்தக் கார்டைப் பற்றி நான் கேட்டதே இல்லை. எங்களுக்குத் தெரியும் என்பது இவருக்கு இன்றைக்கும் தெரியாது. அல்லது தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் ஜாத்திரைத் திருவிழாவுக்கு வந்தான். மாமா கறித்துண்டுகளை எடுத்து எடுத்து அவன் இலையில் வைத்தார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் அவன்மேல் விழுந்த சந்தேகம் எப்படியோ அவனுக்கு எட்டியிருந்தது. சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவன் ராத்திரி தங்கியதில்லை.

அந்த வீடும் இப்போது இல்லை. நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். மாமாவும் அத்தையும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஹாலில் ஒரு திரை, அதன் முன்னால் எல்லோரும், என்ன வந்தாலும் எல்லோர் கண்ணிலும் படும் என்கிற ஏற்பாடும் போய்விட்டது. இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன். ஆளுக்கொரு கைரேகையில் திறக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் இவர் போன் மேசைமேல் குப்புறக் கிடக்கும், என்னுடையதும் அப்படித்தான். எதிலாவது மணி அடித்தால் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொள்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரென்று கேட்க அந்த வீட்டில் அத்தை இருந்தார். இங்கே யாரும் கேட்பதில்லை.