பேசாத படத்தோடு பேசியவர்

ஓசூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஞாயிறுதோறும் பழைய படம் போடுவார்கள். விளக்கம் சொல்வது ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியனான நான். அன்று போட்டது ஹாலிவுட்டின் தொடக்க காலத்துப் பேசாத படம். மணமாகாமல் தாயான ஒருத்தியின் கதை. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல்.

பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர், நீலத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் இருப்பவர்களோடு பேசுவது அவர் வழக்கம். வில்லனைத் தெலுங்கில் திட்டுவார். நாயகிக்குக் கன்னடத்தில் ஆறுதல் சொல்வார்.

குழந்தையைப் பிரிந்த நாயகி, வேலை செய்யும் வீட்டில் வேறொரு குழந்தை அழுததும் மார்பைக் கைகளால் அழுத்திக்கொண்டாள். "பயந்துட்டா," என்று விளக்கினேன்.

"பயமில்ல சார், பால் ஊறுது. இத எடுத்தது பொம்பளதான்."

"இதே படத்துல ஓடுற ரயில் கூரைமேல ஏறிப் படமெடுத்த ஆளும்மா! பொம்பளயா?" என்றேன். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"ஏன் சார், நான் தேன்கனிக்கோட்டை பஸ்ல தெனம் படியில தொங்கிட்டுத்தான வர்றேன்?"

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பெண்தான். படத்தில் போட்ட பெயரை வைத்து நானாகவே ஆண் என்று முடிவுகட்டியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னிலையிலும் தவறை ஒப்புக்கொண்டேன். கைகொட்டிச் சிரித்தார்கள். முதலில் சிரித்திருக்க வேண்டியவர் மட்டும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம்.

இன்றும் ஓசூரில் எந்தக் கம்பெனி வாசலில் ஷிஃப்ட் விட்டாலும் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்.