ஒரு காதில் நாதஸ்வரம், மறு காதில் தவில்

பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்துக்கு வந்தவன் நான். பிழைகளைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிறவன் என்பதால் இதை எழுத இவ்வளவு வருஷம் எடுத்துவிட்டது.

இது நடந்தது 1992ஆம் ஆண்டு, பங்குனி மாதம், கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில். எனக்கு அப்போது முப்பது வயது. புத்தூரில் வெங்காயத் தோட்டம். கலியாணம் முடித்து இரண்டு வருஷம்.

அதற்கு மூன்று மாதத்துக்கு முன்பு, ஜேர்மனியில் இருந்த என் தம்பி சட்டைப்பைக்குள் அடங்கக்கூடிய ஒரு சின்னக் கசற் பெட்டியும், ஒரு நாதஸ்வரக் கசற்றும் அனுப்பியிருந்தான். கொழும்பிலிருந்து ஆள் மாறி ஆள் மாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதனுடைய ஹெட்போன் மட்டும் எங்கேயோ தவறிவிட்டது. அந்தப் பெட்டிக்கு ஸ்பீக்கர் கிடையாது. ஹெட்போன் இல்லாவிட்டால் அது ஊமை. உள்ளே கசற் சுற்றுவது தெரியும், சத்தம் ஒரு பொட்டும் வராது. ஆசையில் அதைச் சும்மா சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பிறகு துடைத்துச் சாமிப்படத் தட்டில் வைப்பேன்.

"இஞ்சேருங்கோ, அங்கை வைச்சனீங்கள் சரி, ஒரு கற்பூரமும் காட்டுங்கோவன்" என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

பங்குனியில் வெங்காயம் நல்ல விலைக்குப் போனது. ஹெட்போன் வாங்க மனைவியே சம்மதித்தாள். "ஆனா உள்ளதுக்கை நல்லதாப் பாத்து எடுங்கோ. பிழைச்சுதெண்டா இன்னொண்டுக்கு அடுத்த போகத்துக்குத்தான்" என்று மட்டும் சொன்னாள். அது உண்மை. என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று வாங்கக்கூடிய காசு.

வெங்காயத்தைக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். அங்கே றேடியோவும் திருத்துவார்கள். ஹெட்போன் இருக்கிறது என்று சந்தையில் ஒருவர் சொல்லியிருந்தார். மெய்தான். சைக்கிள் ரியூப்புகளுக்கு நடுவே, ஆணியில் மூன்று தொங்கின.

கடைக்காரர் இல்லை. அவருடைய மனைவி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் சாவகச்சேரிக்குப் போட்டார். சைக்கிள் சாமானெண்டா நான் சொல்லுவன். உந்தக் காதுச் சாமானைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. விலை எழுதி ஒட்டியிருக்கு. போட்டுப் பாத்து எடும் தம்பி" என்றார்.

நான் பையிலிருந்து என் கசற் பெட்டியை எடுக்கும்போது இன்னொருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உயரமானவர். சேட்டெல்லாம் வியர்வை.

"என்ன அண்ணை, கரவெட்டியிலை இருந்து திரும்பவும் உழக்கிக்கொண்டு வந்திட்டியளோ?" என்று கடைக்கார அக்கா கேட்டார்.

"ஓம் பிள்ளை. இப்பதான் காசு சேந்தது. அந்தப் பழைய ஹெட்போனை இண்டைக்கு எடுத்துக்கொண்டு போறதெண்டுதான் வந்தனான்."

"இந்தத் தம்பி முந்திட்டார். அவர் வேண்டாமெண்டாத்தான் உங்களுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "சரி, அவர் பாக்கட்டும்" என்று ஒரு பலகைப் பெட்டியில் குந்தினார். எனக்கு அப்போதே கூச்சம் பிடித்துக்கொண்டது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நான் எதையும் ஒழுங்காகச் செய்ததில்லை.

அந்த நாளில் சண்டையால் எங்களுக்குக் கரண்ட் இல்லை. பற்றரியும் கிடைக்காது. றேடியோ கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் எடுத்துத்தான் கேட்போம். அந்தக் கடையிலும் அப்படி ஒரு சைக்கிள் நின்றது. என் பெட்டியை அதில் கொழுவினேன். ஆனால் ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டு மறு கையால் ஹெட்போனை மாட்டிக் கழற்ற முடியவில்லை. அக்காவைப் பார்த்தேன்.

"என்னாலை ஏலாது, உலை கொதிக்குது" என்றார்.

கரவெட்டிக்காரர் எழுந்து வந்தார். "நீர் கேளும். நான் சுத்துறன்."

தான் வாங்க வந்த சாமானை நான் சோதித்துப் பார்க்க அவரே பெடல் சுற்றினார்.

முதலாவது ஹெட்போன் புதிது, மலிவு. போட்டால் தகரப் பேணிக்குள் வண்டு அகப்பட்ட மாதிரி இருந்தது. அதை வைத்துவிட்டேன். இரண்டாவதும் புதிது. பெரிது, கறுப்பு, பளபளவென்று இருந்தது. போட்டதும் இரண்டு காதிலும் நாதஸ்வரம்! மூன்று மாதமாக ஊமையாக இருந்த பெட்டி வாய் திறந்துவிட்டது. எனக்குப் புல்லரித்தது. தவில் மட்டும் பக்கத்து ஊரில் அடிப்பது போலத் தூரத்தில் கேட்டது. கசற் அப்படிப் பதிந்திருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவதுதான் பழசு. யாரோ வெளிநாட்டுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. காதில் வைக்கும் பஞ்சு கிழிந்திருந்தது. வயரில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. ஆனால் மூன்றிலும் இதன் விலைதான் கூடுதல். என் கையில் இருந்தது முழுக்க அதற்குப் போய்விடும். அதையும் போட்டுப் பார்த்தேன்.

இடது காதில் நாதஸ்வரம். வலது காதில் தவில். என் தலைக்கு நடுவே யாரோ வேலி அடைத்துவிட்ட மாதிரி! நான் திடுக்கிட்டுப்போனேன். பிறந்த நாளிலிருந்து நான் பாட்டுக் கேட்டது ஒற்றை ஸ்பீக்கர் றேடியோவிலும், கோயில் மரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியிலும்தான். எல்லாம் ஒன்றாய்க் கலந்துதான் வரும். பாட்டு இரண்டாகப் பிரிந்து வரும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

"அக்கா, இது பழுது! நாயனம் ஒரு காதிலை, தவில் ஒரு காதிலை! ரெண்டும் பிரிஞ்சுபோச்சு!"

காதை மூடியிருந்ததால் நான் எவ்வளவு பலமாகக் கத்துகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. றோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வாசலில் ரயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்பைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஹெட்போனைக் கழற்றியபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி கத்துறீர்? சந்தைக்கு ஏலம் கூறுறீரோ?"

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. பழசைப் பட்டென்று மேசையில் வைத்தேன். "அந்தக் கறுப்பைக் கட்டித் தாங்கோ அக்கா" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப கரவெட்டி அண்ணைக்குத்தான் பழசு" என்று அக்கா பேப்பர் எடுக்கப் போனார்.

கரவெட்டிக்காரர் பெடலை விட்டுவிட்டு வந்து பழசைக் கையில் எடுத்தார். கிழிந்த பஞ்சைப் பெருவிரலால் தடவினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். பிறகு அக்கா பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த கறுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது.

"பொறும் பிள்ளை, சுத்தாதையும்" என்றார் அக்காவிடம். பிறகு என்னிடம், "தம்பி, கோயிலிலை மேளச்சமா பாத்திருக்கிறீரோ?"

"ஓம்."

"நாயனக்காரரும் தவில்காரரும் ஒராளுக்கு மேலை ஒராள் ஏறியோ இருக்கிறவை?"

"இல்லை அண்ணை. பக்கத்திலை பக்கத்திலை."

"அப்ப இதைத் திரும்பப் போடும். கண்ணை மூடிக்கொண்டு கேளும்."

போட்டேன். அவர் சுற்றினார். கண்ணை மூடினேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர்கள் வந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் இடது பக்கத்தில் நாதஸ்வரக்காரர், வலது பக்கத்தில் தவில்காரர். கையை நீட்டினால் தொடலாம். நடுவில், சரியாக என் நெற்றிக்கு நேரே, தாளம் போடுகிறவரின் சிங்கி கேட்டது. கறுப்பு ஹெட்போனில் அந்தச் சிங்கியே எனக்குக் கேட்கவில்லை. நாதஸ்வரக்காரர் வாசிக்க முன்பு மூச்சு இழுப்பது கேட்டது. தவில்காரரின் விரல் தோலில் படுவது ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கூச்சத்தையே மறந்துபோனேன். இடையில் கை உளைந்து அவர் மெதுவாகச் சுற்ற, நாதஸ்வரம் நித்திரை தூங்கி விழுகிற மாதிரி இழுபட்டது. கண்ணைத் திறந்தேன். "பொறும், பொறும்" என்று அவர் கை மாற்றிச் சுற்றினார்.

"நான் லவுட்ஸ்பீக்கர் கட்டுறனான் தம்பி" என்று பிறகு சொன்னார். "கரண்டும் இல்லை, எஞ்சினுக்கு எண்ணெயும் இல்லை. ரெண்டு வருசமாப் பெட்டியெல்லாம் சாக்காலை மூடிக் கிடக்கு. உந்தக் கறுப்பு பாக்கத்தான் வடிவு. அது ஒரு பக்கத்துச் சத்தத்தைத்தான் ரெண்டு காதுக்கும் குடுக்கும். மற்றப் பக்கத்தை விழுங்கிப்போடும். உமக்குத் தவில் சரியாக் கேட்டிராதே?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்ப நீங்கள் எடுங்கோ அண்ணை. நான்தான் வேண்டாமெண்டு வைச்சிட்டனே" என்றேன்.

"நீர் தெரியாமல் வைச்சனீர். இப்ப தெரிஞ்சு சொல்லும். வேணுமோ, வேண்டாமோ?"

வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிங்கிச் சத்தம் இன்னும் நெற்றிக்குள் இருந்தது.

"வேணும்" என்றேன்.

அவர் பெரிதாகச் சிரித்தார். "அப்பிடிச் சொல்லும்!"

"அப்ப அண்ணை, நாலாந் தரமும் வெறுங்கையோடையோ?" என்றார் அக்கா.

"என்ன செய்யிறது பிள்ளை. நான் கொண்டுபோய்ப் போட்டா, ஒரு காதிலை நாயனம் கேக்கும், மற்றக் காதிலை உந்தத் தம்பி 'பழுது, பழுது' எண்டு கத்துறதெல்லோ கேக்கும்!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். காசைக் கொடுத்துவிட்டு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக ஒன்று கேட்டேன். "அண்ணை, நீங்கள் ஒருக்காக் கேட்டிட்டுப் போங்கோவன். நான் சுத்துறன்."

அவர் பலகைப் பெட்டியில் குந்தி, கண்ணை மூடிக் கேட்டார். கசற்றின் ஒரு பக்கம் முழுக்க. தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஆனால் நாதஸ்வரம் ஒரு இடத்திலும் இழுபடக் கூடாது என்று ஒரே சீராகச் சுற்றினேன். அவருடைய விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, வயரை வளையமாகச் சுற்றி, என் கையில் தந்தார். ரியூப் ஒட்டுகிற பசை ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு கரவெட்டிப் பக்கம் போய்விட்டார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நான் வெளிக்கிட, "றோட்டிலை ரெண்டு காதையும் மூடாதையும் தம்பி. பொம்மர் வந்தாலும் கேக்காது" என்று அக்கா பின்னால் கத்தினார். அதுவும் சரிதான், குண்டு போடும் விமானங்கள் அடிக்கடி வந்த காலம். கொடிகாமத்துக்கு அடுத்த மீசாலையிலிருந்து புத்தூருக்குப் போகும் வழி நெடுக வெட்டை வெளி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. என் சைக்கிள் டைனமோவில் பெட்டியைக் கொழுவி, ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்து, மறு காதை வானத்துக்கு விட்டுக்கொண்டு உழக்கினேன். பாதி வழி நாதஸ்வரம். பிறகு காதை மாற்றி, பாதி வழி தவில். எதிர்க்காற்று என்றால் அப்படி ஒரு எதிர்க்காற்று. மெதுவாக உழக்கினால் பாட்டு இழுபடும் என்று விடாமல் உழக்கி, மூச்சு வாங்க வீட்டு முற்றத்தில் வந்து இறங்கினேன். மனைவியை இருத்தி, இரண்டு காதிலும் போட்டுவிட்டுப் பெடலைச் சுற்றினேன். "ஐயோ, இஞ்சை ஆரோ இருக்கினம்!" என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஹெட்போன் தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வெளிக்கிடும் வரைக்கும் எங்களோடு இருந்தது. அந்த மனிதரை நான் பிறகு காணவேயில்லை. கரவெட்டிக்கு அடுத்திருக்கும் நெல்லியடிப் பக்கம் போன நேரமெல்லாம் உயரமான ஆட்களின் முகத்தைப் பார்ப்பேன்.

அன்றைக்கு அவர் எனக்கு ஒரு பொய்யும் சொல்லத் தேவை இருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும், ஹெட்போன் அவருடையது. நானும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பேன். வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு சுகம் என்று என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு சந்தையிலும் தோட்டத்திலும், இன்னொருவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்து, நான் பேசாமல் இருந்தால் லாபம் எனக்கு என்ற நேரங்கள் வந்திருக்கின்றன. எல்லா நேரமும் வாய் திறந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த ஒவ்வொரு முறையும், பெடலை விட்டுவிட்டு வந்து "பொறும் பிள்ளை" என்ற அந்த மனிதர்தான் எனக்கு முன்னால் நின்றார்.

எழுதி முடித்தது: 2011, மாசி 6.