மூன்றாவது பொட்டலம்

கணக்கில் நான் எவ்வளவு மக்கு என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னைப் போய் ஒரு கணக்கு ஆராய்ச்சிக்குத் துணைக்குக் கூப்பிட்டால்...?

கூப்பிட்டவள் மேதா. செம்பூரில் எங்கள் பில்டிங்கின் மூன்றாவது மாடிக்காரி. பிள்ளைகள் நிகழ்தகவை — அதாங்க, ப்ராபபிலிட்டி — எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு ட்யூஷன் கிளாஸுக்குப் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும். இவளோ மராத்திக்காரி. "அங்கே எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். மொழிபெயர்க்க நீ வா" என்றாள்.

போனேன். பிள்ளைகள் ஹிந்தியில் வெளுத்துக் கட்டினார்கள். எனக்கு வேலையே இல்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

மேதா கேட்டாள். ஒரு பையில் ஒரு வெள்ளைக் கோலி, ஒரு சிவப்புக் கோலி. பார்க்காமல் எடுத்தால் வெள்ளை வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு?

"ஃபிஃப்டி ஃபிஃப்டி!" கிளாஸே கத்தியது. எனக்கே தெரிந்த விடை!

ஒரே ஒரு பெண் மட்டும் கத்தவில்லை. முத்துச்செல்வி. இப்போதுதான் பத்தாவது பாஸ் செய்திருக்கிறாள். "பிடிக்கலேன்னா திரும்பப் போட்டு எடுக்கலாமா மேடம்?" என்றாள் ஹிந்தியில். அதெப்படி, ஒரே தடவைதான் என்றாள் மேதா. செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, இவங்களுக்குப் பூப் போட்டுப் பாக்கது தெரியாது. நீங்களே சொல்லுங்க."

அப்பாடா, எனக்கும் ஒரு வேலை! வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் இன்றைக்கும் உண்டு. மேதாவுக்கு விளக்கினேன்.

"வெள்ளிக்கிழமை எனக்குப் போடுதாவ" என்றாள் செல்வி. பதினொன்றாவதில் சயன்ஸ் சேருவதா, இல்லை, அக்கா மாதிரி பேக் தைக்கிற கார்கானாவுக்குப் போவதா? படித்தது போதும் என்கிறார் அப்பா. அம்மனையே கேட்டுவிடலாம் என்கிறாள் அம்மா.

"அக்காவுக்கும் போட்டாவ. மொதத் தடவையே செவப்பு. அதோட விட்டுட்டாவ. மாமா சவுதி போறதுக்குப் போட்டப்ப மட்டும் நாலு தடவ! வெள்ள வந்த பெறவுதான் நிறுத்துனாவ. எனக்கு எத்தன தடவன்னுதான் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேதாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை லேபர் கேம்ப் சந்தில் இருக்கிற அம்மன் கோயிலில் ஆஜரானேன். உனக்கென்ன அங்கே வேலை என்று கேட்காதீர்கள் — வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. செல்வியின் அம்மா பேச்சியம்மாள் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா சலவைச் சட்டையில் கை கட்டி நின்றார். பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண்தான் எடுக்கிறவள்.

எடுத்தாள். பிரித்தார்கள். சிவப்பு.

"முடிஞ்சுதுல்லா?" என்றார் அப்பா. செல்வி தலை குனிந்து நின்றாள். பேச்சியம்மாள் மட்டும் அசையவில்லை.

"பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது. தொடச்சுக்கிட்டே எடுத்தா. இது செல்லாது."

மறுபடி. மறுபடியும் சிவப்பு!

"இப்ப என்னவாம்?"

"பொட்டலத்த நான் சரியா மடிக்கல. ஒங்களுக்கு என்ன அவசரம்?"

மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்தால்... வெள்ளை. பேச்சியம்மாள் போட்ட குலவை மாட்டுங்கா ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா மனைவியைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். பிறகு மகளிடம் மெதுவாகக் கேட்டார்: "ஃபாரம் என்னைக்குப் போடணும்?" பாவம், அவரும் நல்ல மனுஷர்தான்.

மூன்று தடவை போடுவதுதான் வழக்கமா என்று பேச்சியம்மாளைத் தனியாகக் கேட்டேன்.

"வழக்கமென்னக்கா வழக்கம். பெரியவளுக்கு ஒரு தடவையோட வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். அது இன்னும் நெஞ்சுக்குள்ள கெடந்து அறுக்குது."

இதை அப்படியே மேதாவிடம் போய்ச் சொன்னேன். திரும்பப் போட்டு எடுக்கலாமா என்ற செல்வியின் பதில் பரீட்சையில் தப்புதானாம். ஆனால் மார்க்கைக் குறைக்கக் கை வரவில்லையாம். எத்தனை தடவை எடுக்கலாம் என்பதைப் பாடப்புத்தகம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. வீட்டில்? மாமாவுக்கு நாலு, அக்காவுக்கு ஒன்று. இதை யார் தீர்மானிக்கிறார்கள்? அம்மனா?

மேதாவுக்குக் கடைசியில் ஒரே ஒரு சந்தேகம். "மூன்றாவதும் சிவப்பாக இருந்திருந்தால்?"

அந்தக் கவலையே வேண்டாம். பேச்சியம்மாளின் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் — இன்னும் பத்துத் தடவைக்குப் பூ இருந்தது!