நைனாவின் சொந்தச் செலவு

நைனா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் அவருக்கு வேலையே இல்லை என்பது எங்களுக்குத் தெரியவந்தது. காப்பீட்டு நிறுவனம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலுரையில் அப்படி எழுதியிருந்தது.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடியில் இருந்தது எங்கள் வக்கீலின் அறை. அங்கே உட்கார்ந்து அந்தப் பதிலுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். தங்கை இரண்டாவது. அதனால் வீட்டுக்கு வரும் எந்தத் தாளும் என் வாய் வழியாகத்தான் அம்மாவுக்குப் போகும். கரண்ட் பில் அப்படித்தான் போனது, நைனாவின் இறப்புச் சான்றிதழும் அப்படித்தான் போனது.

‘இறந்தவருக்கு வேலையோ வருமானமோ கிடையாது. முதல் மனுதாரரே மீன் விற்றுக் குடும்பத்தை நடத்திவந்தவர். ஆகவே அவர் இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர் அல்லர்.’

முதல் மனுதாரர் என்றால் அம்மா. நானும் தங்கையும் அடுத்தடுத்த மனுதாரர்கள்.

“வேலயில்லயா?” என்றாள் அம்மா. “அப்போ நான் வித்தது இன்னா, மணலா?”

“எல்லா கேஸ்லயும் இப்படித்தான் போடுவாம்மா. இதுக்கெல்லாம் மனசு கஷ்டப்படக் கூடாது” என்றார் வக்கீல். வயதானவர். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லாதபோது அவர் தமிழ் கொஞ்சம் வீட்டுத் தமிழாகிவிடும்.

“எல்லாரையும் வேலயில்லன்னு எழுதுவாங்களா?”

“அநேகமா எல்லாரையும்.”

“இன்னா பொழப்பு சார் அது” என்றாள் அம்மா.

நடந்தது இவ்வளவுதான். ஒரு காலையில் நைனா கடலிலிருந்து திரும்பி, தன் பங்கு மீனை அம்மாவின் பேசினில் கொட்டிவிட்டு, டீ குடிக்க சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடந்தார். தண்ணீர் கேன் ஏற்றிவந்த வண்டி இடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தவறு வண்டி மேல்தான் என்பதில் அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்தோடு சண்டை இல்லை. போலீஸ் அப்படித்தான் எழுதியது, ஓட்டியவரும் ஒத்துக்கொண்டார். நைனா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் சண்டை. விபத்து நடந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதல்ல, வாழ்க்கையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது.

இழப்பீடு என்பது போன உயிருக்கு விலை இல்லை என்று வக்கீல் எங்களுக்கு விளக்கினார். இறந்தவர் சம்பாதித்து வீட்டுக்குக் கொடுத்துவந்தது நின்றுபோனதற்கான ஈடு. கொடுத்ததே இல்லை என்றால் நின்றுபோவதற்கும் ஒன்றும் இல்லை. நைனாவின் மீனவர் அடையாள அட்டையை நாங்கள் கொடுத்திருந்தோம். அட்டை வைத்திருப்பவர் எல்லாம் கடலுக்குப் போகிறவர் ஆகிவிட மாட்டார் என்று அதற்கும் பதிலுரையில் ஒரு வரி இருந்தது. அது உண்மைதான். எங்கள் குப்பத்திலேயே அப்படிச் சிலர் இருந்தார்கள். ஆனால் நைனா அவர்களில் ஒருவர் இல்லை.

சாட்சி சொல்ல அம்மா போக வேண்டும். அவளுக்காக வக்கீல் ஒரு வாக்குமூலம் தயார் செய்தார். அதில் வந்த ஒரு வரியில் அம்மா நின்றுவிட்டாள். ‘என் கணவர் மாதாமாதம் தன் வருமானத்தை என்னிடம் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார்.’

“இது வாணாம் சார்.”

“ஏம்மா?”

“அந்தாளு அப்டிப்பட்டவர் இல்ல.”

வக்கீல் என்னைப் பார்த்தார். கல்லூரியில் படிக்கிற பையன், விளக்குவான் என்று நினைத்திருப்பார். நந்தனத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வணிகவியலில் இதற்கு இடம் இல்லை. ஆனாலும் முயன்றேன்.

எங்கள் பக்கம் ஆண்கள் மீனைக் கரையில் கொண்டுவந்து போடுவதோடு சரி. அதற்கு மேல் அது பெண்களின் மீன். விற்பது, பேரம் பேசுவது, சுருக்குப்பையில் முடிவது, வட்டி கட்டுவது, பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டுவது எல்லாமே பெண்கள்தான். தன் செலவுக்கு ஆண்தான் பெண்டாட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். மீனைத் தானே விற்று, துட்டைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வீட்டுக்குக் ‘கொடுக்கிற’ ஆள் என்றால், அவன் குடிகாரனாக இருப்பான், அல்லது வேறு எங்காவது இன்னொரு வீடு வைத்திருப்பான். மாதாமாதம் கொடுத்தார் என்று எழுதினால் நைனா அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

வக்கீல் கவனமாகக் கேட்டார். “புரியறது. ஆனா கோர்ட்டுக்கு இது புரியாது. அந்த லைன் இருக்கட்டும்” என்றார்.

வரி இருந்தது. அம்மா கைநாட்டு வைத்தாள்.

கடற்கரையை ஒட்டிய லூப் ரோட்டு மீன் கடைகளில் அம்மாவுக்குப் பக்கத்துக் கடை என் அத்தையுடையது. நைனாவின் தங்கை. விசாரணைக்கு முந்தைய வாரம் முழுவதும், மீன் செதில் சீவிக்கொண்டே, அந்த வரியை அம்மா சொல்லிப் பழகினாள்.

“மாசாமாசம் வருமானத்த என்கைல குட்த்து...”

“இன்னா அண்ணி, எங்கண்ணன் உனுக்கு சம்பளம் குட்த்தாரா?” என்று அத்தை ஆரம்பிப்பாள். “சொல்லவேயில்ல. ஏசி ரூம்ல உக்காந்துக்கினு இருந்தாரா?”

“சும்மா இருடி.”

“போனஸ் குட்த்தாரா?”

மீன் வாங்க வந்த ஒருவர், யாருக்குப் போனஸ் என்று விசாரித்தார். அம்மா அவருக்கு ஒரு கிலோ நெத்திலியை எடை போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

விசாரணை நாளன்று அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டாள். நீதிபதி ஒரு பெண். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சத்தியப் பிரமாணத்தை நீதிமன்ற ஊழியர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அம்மா திருப்பிச் சொல்லவில்லை.

“சொல்லும்மா.”

“இன்னா சொன்னன்னே புரியலப்பா. புரியாம எப்டி சத்தியம் பண்றது? மெதுவா சொல்லு.”

அவர் மெதுவாகச் சொன்னார். எங்கள் வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சத்தியத்தை இவ்வளவு கவனமாகக் கேட்கும் சாட்சி தனக்கு நல்லதில்லை என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் இளைஞர். மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் மாசம் எவ்ளோ குடுப்பாரும்மா?”

அம்மா வாயைத் திறந்தாள். பழகிய வரி வரும் என்று நான் காத்திருந்தேன்.

“எனுக்கா? ஒண்ணும் குட்க்க மாட்டாரு சார்.”

“ஒரு ரூபாகூடவா?”

“ஒரு ரூபாகூட. அவுரு எதுக்கு குட்க்கணும்? அவுருக்கே நான்தான் குட்ப்பேன். டீக்கு, பீடிக்கு, செல்லுக்குக் காசு போட.”

நீதிமன்றத்தில் சாட்சி பேசுவது பேசியபடியே பதிவாவதில்லை. நீதிபதி அதை எழுத்துத் தமிழாக்கித் தட்டச்சருக்குச் சொல்வார். கேள்வி, பதில் இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியமாகிவிடும். ‘என் கணவர் எனக்குப் பணம் எதுவும் கொடுத்ததில்லை என்று சொன்னால் சரிதான்’ என்று நீதிபதி சொல்ல, தட்டச்சர் அடித்தார். ‘என் கணவரின் செலவுக்கு நான்தான் பணம் கொடுத்தேன் என்று சொன்னால் சரிதான்.’

“அப்போ குடும்பம் உங்க வருமானத்துலதான் ஓடுச்சு?”

“துட்டு என்கைலதான கீது.”

‘குடும்பம் என் வருமானத்தில்தான் நடந்தது என்று சொன்னால் சரிதான்.’

ஒவ்வொரு ‘சரிதானு’க்கும் அம்மா தலையாட்டினாள். நடுவில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். நீதிபதியே எல்லாவற்றையும் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கிற பெருமை அவள் முகத்தில் இருந்தது. இளைஞர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். பதிலுரையில் தான் எழுதியது அத்தனையையும் அம்மா வாயாலேயே வாங்கிவிட்டார். நைனாவுக்கு வேலை இல்லை என்பதை, வேலை இல்லை என்ற சொல்லே வராமல், அம்மா ருசுப்படுத்திவிட்டாள்.

எங்கள் வக்கீல் எழுந்தார். அன்றைக்கு மாடியில் நான் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்ததா, அல்லது வேறு வழி இல்லையா என்று எனக்குத் தெரியாது.

“நீங்க வித்த மீனை எங்க வாங்கினீங்க?”

“வாங்கினனா?” அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வழக்கில் முதல் தடவையாக, அதுவும் எங்கள் வக்கீல் மேலேயே. “இன்னா சார் நீயே இப்டி கேக்கற? ஆம்பள உசிரோட கடலுக்குப் போய்க்கினு கீறப்போ எவளாவது துட்டு குட்த்து மீன் வாங்குவாளா?”

இளைஞர் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

“இப்போ எப்படிம்மா விக்கறீங்க?”

“இப்போ காசிமேட்டுக்குப் போறேம்மா. விடியறதுக்குள்ள ஷேர் ஆட்டோல போயி ஏலத்துல எட்த்துனு வரேன். விக்கற துட்டுல முக்காவாசி மீனுக்கே பூடுது. முன்னாடி எல்லாம் கரைக்கு வந்து கொட்டிட்டுப் போவாரு. நான் இப்டி ஆட்டோக்கு நின்னதேயில்ல.”

தட்டச்சரின் விரல்கள் காத்துக்கொண்டிருந்தன.

‘என் கணவர் கடலில் பிடித்துவந்த மீனை விலை கொடுக்காமல் பெற்று நான் விற்றுவந்தேன். அவர் இறந்த பிறகு ஏலத்தில் விலை கொடுத்து வாங்கி விற்கிறேன்.’

விலை கொடுக்காமல் பெற்று என்றால் ஏதோ திருடியது மாதிரி எனக்குப் பட்டது. எங்கள் வக்கீல் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டு அடிக்கோடு போட்டார்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள். “பாத்தியா, எல்லாத்துக்கும் சரிதான்னுட்டாங்க.”

“அவங்க சரிதான்னா நமக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்லம்மா” என்றார் வக்கீல். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

தீர்ப்பு வர வெகுநாள் ஆனது. அதற்குள் நான் படிப்பை முடித்து, தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் சேர்ந்திருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு மயிலாப்பூருக்குப் போனேன். நான்தான் படித்தேன்.

‘இறந்தவர் மீன்பிடித் தொழில் செய்துவந்தார் என்பதும், அவர் பிடித்துவந்த மீனே குடும்பத்தின் வருமானத்துக்கு ஆதாரமாக இருந்தது என்பதும் நிரூபிக்கப்பட்டுள்ளன.’

“இன்னொரு வாட்டி படி” என்றாள் அம்மா. படித்தேன். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை வக்கீலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் படிக்கத் தொடங்கினால் முடிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். அடுத்த பக்கத்தில், ஊகமாக வைத்த வருமானத்திலிருந்து, இறந்தவர் தன் சொந்தச் செலவுக்காக எடுத்துக்கொண்டிருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தார்கள்.

“யாரு எட்த்துக்கினது?”

“நைனாதான்.”

“மூணுல ஒண்ணா?”

வக்கீல் குறுக்கிட்டார். “எல்லாருக்கும் உள்ளதும்மா. எந்த மனுஷனும் தனக்குன்னு கொஞ்சம் செலவழிப்பான் இல்லையா. குடும்பத்துக்குத் தக்கபடி கழிப்பா. கல்யாணமே ஆகாதவனா இருந்தா பாதிகூடப் போகும்.”

“அவன் பாதி செலவு பண்ணுவான், போவட்டும். இந்தாளுக்குத் துட்டு குட்த்தது நானு. டீ, பீடி. தீவாளிக்கு ஒரு சட்ட. அதுகூட நான் எட்த்தாந்து குட்த்தாதான்.”

“தொகை நல்லாவே வந்திருக்கும்மா. நான் இவ்ளோ எதிர்பார்க்கலை.”

“தொகைய யாரு சார் கேட்டா? மூணுல ஒரு பங்க அந்தாளே துன்னுட்டாருன்னு எழுதிக்கீதே. அந்த ஒரு வரிய மட்டும் அட்ச்சிட முடியாதா?”

முடியாது என்றார் வக்கீல். மேல்முறையீடு என்றால் வருஷக்கணக்காகும், அவர்களும் எதிர் மேல்முறையீடு போடுவார்கள், நைனாவுக்கு வேலை உண்டா இல்லையா என்பதே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாள். வேலை உண்டு என்று எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

லூப் ரோட்டில் அத்தை காத்திருந்தாள். சுற்றி இன்னும் நான்கைந்து பேர்.

“இன்னா அண்ணி சொன்னாங்க?”

“உங்கண்ணன் கடலுக்குப் போனாருன்னு எழுதிட்டாங்க.”

“துட்டு?”

“வர்து. மூணுல ஒண்ணு புட்ச்சிக்கினாங்க.”

“யாரு?”

அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை.

“கோர்ட்டு” என்றாள்.

சில மாதங்கள் கழித்து வக்கீல் எனக்கு ஃபோன் செய்தார். எங்கள் குப்பத்திலிருந்து விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒருவர் வந்திருந்தாராம். கோர்ட் எடுத்துக்கொள்ளும் பங்கைக் கொஞ்சம் குறைத்துப் பேச முடியுமா என்று கேட்டாராம்.

“யாருப்பா இதைக் கிளப்பிவிட்டது?”

“அம்மாதான் சார்.”

அவர் பக்கம் தெருவில் போகும் வண்டிகளின் ஹாரன் கேட்டது.

“சரி” என்றார். “பேசிப் பார்க்க முடியாது, கழிக்கத்தான் கழிப்பான்னு மட்டும் அவர்ட்ட சொல்லி அனுப்பிச்சிருக்கேன். யாரு எடுத்துக்கறான்னு நானும் சொல்லலை.”