'வேண்டாம்' கட்டத்தில் லா சே போட்ட கையெழுத்து

லா சேவுக்கு வான்கோழி ஆலையில் இறக்கை வெட்டும் வேலை. விடியுமுன் உள்ளே போனால் மதியம் இரண்டு மணிக்கு வெளியே வருவாள். கத்தி பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் மடங்காது. பர்மாவை விட்டோடி, தாய்லாந்து எல்லை அகதி முகாமிலிருந்து இந்த அமெரிக்க டகோட்டாக் குளிருக்கு வந்து சேர்ந்த எங்கள் கரேன் இனப் பெண்கள் பலருக்கும் அந்த விரல் அப்படித்தான். இன்னொன்றும் எங்களுக்குப் பொது. வாத்தியார் ஒரு தாளை அனுப்பினால் ஏன் என்று கேட்கமாட்டோம். பேனா எங்கே என்றுதான் கேட்போம்.

நான்கு வருடமாகப் பள்ளி திறந்ததும் அவளுக்கு ஒரு தாள் வரும். மகள் எஸ்தரை மறுபடியும் இங்கிலீஷ் பழகும் வகுப்பில் போட்டிருக்கிறோம் என்று. பள்ளியில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நான்தான் படித்துச் சொல்வேன். லா சே கையெழுத்துப் போடுவாள்.

இந்த வருடம் பேனாவைத் தொடவில்லை.

"அக்கா, அதே நேரத்துலதான் பயாலஜி வகுப்பாம். அது படிக்காம நர்ஸ் ஆக முடியாதாம். எஸ்தர் ரெண்டு நாளா அழுவுறா. தாளை முழுசாப் படிங்க."

கடைசியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியையும் இம்முறை படித்துச் சொன்னேன். பெற்றோர் வேண்டாம் என்று சொல்லலாம். நம்மில் யார் சொல்லப் போகிறார்கள் என்று நான்கு வருடமும் அதை நான் படிக்காமலே விட்டிருந்தேன்.

"நல்லா இருக்குக்கா உங்க மொழிபெயர்ப்பு" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஆலை வாடையோடு நேரே பள்ளிக்கு வந்தாள். பள்ளி ஆலோசகர் ஹால்வர்சன் அம்மா எஸ்தரின் இங்கிலீஷ் தேர்வு மதிப்பெண்களைக் காட்டினார்.

"படிக்கிறது, எழுதுறது, கேட்டுப் புரிஞ்சுக்கிறது பிரமாதம். பேச்சுத் தேர்வுலதான் வாயே திறக்கல. நாலையும் சேர்த்துப் பார்த்தா தேறல." எஸ்தர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. பயாலஜி வேணுமா?"

எஸ்தர் கைகட்டித் தரையைப் பார்த்தாள். பார்த்தீங்களா என்பதுபோல ஹால்வர்சன் அம்மா என்னைப் பார்த்தார்.

"பெரியவங்க முன்னாடி தலை குனியணும்னு நான்தான் வளர்த்தேன்" என்றாள் லா சே. "அதுக்கு மார்க் குறைக்கணும்னா எனக்குக் குறைங்க."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

"ஆனா பயாலஜியில நாலு பேரோட சேர்ந்து பேசித்தான் ஆகணும்."

"பேச வைக்கிறது என் வேலை. வகுப்பு குடுக்கிறது உங்க வேலை."

ஹால்வர்சன் அம்மா பயாலஜி வகுப்புப் பட்டியலில் எஸ்தர் பெயரை எழுதினார். "தேறுற வரைக்கும் வருஷா வருஷம் அந்தத் தேர்வு உண்டு. அடுத்தது பிப்ரவரியில."

"வரட்டும்."

'வேண்டாம்' என்ற கட்டத்தில் கோடு போட்டு, மடங்காத விரலோடு மெதுவாகக் கையெழுத்திட்டாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் புதுச்சட்டம். தினமும் சாப்பிடும்போது எஸ்தர் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும், பேசாமல் எழுந்திருக்கக் கூடாது. ஒன்பது நாள் மூங்கில் குருத்துக் கஞ்சி ஆறி அவலானதுதான் மிச்சம். பத்தாம் நாள் நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா..." என்றாள் எஸ்தர், கிண்ணத்தைப் பார்த்தபடி. "கஞ்சில உப்பு ஜாஸ்தி."

லா சேவின் முகம் சுருங்கித்தான் போனது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி. இதையே என் கண்ணைப் பார்த்து இங்கிலீஷ்ல சொல்லு."